தரைப்பக்கத்து ஜன்னல்

கார்ட்லாவில் பிப்ரவரி.
படகுத்துறை வரை கடல் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது.
நகராட்சிக் கட்டடத்தின் நிலவறையில்
நானும் ஒரு ஸ்கேனரும்
முந்நூற்றுப் பன்னிரண்டு காகிதங்களும்.

மேல்மாடியிலிருந்து ஊர்வே சீட்டு அனுப்பியிருக்கிறார்:
“எல்லாம் ஜேபெக். சின்னதாக. வெள்ளிக்கிழமைக்குள்.”
சீட்டின் ஓரத்தில் காப்பிக் கறை.

ஜேபெக்கைக் குறை சொல்ல மாட்டேன்.
மேகத்துக்கு அது போதும், பனிவயலுக்கும் போதும்.
வெளிச்சம் மெல்ல மெல்ல இருட்டாகிற கன்னத்தில்
அது கொஞ்சம் திருடினால் யாருக்கும் தெரியாது.
கோடுதான் அதற்கு ஆகாது.
மையால் இழுத்த ஒரு நேர்கோட்டைக் கொடுத்துப் பாருங்கள்,
விளக்கடி ஈசலாய்
கோட்டைச் சுற்றி அழுக்குப் புள்ளிகள் மொய்க்கும்.
திருத்தி மறுபடி சேமித்தால்
ஈசலுக்கு இன்னும் நாலு உறவினர்.

பிஎன்ஜி நாணயமானது,
கொடுத்ததைக் கொடுத்தபடி திருப்பித் தரும்.
ஜிஃப்பிடம் ஒருமுறை ஒரு மாலுமியின் முகத்தைக் கொடுத்தேன்.
இருநூற்றைம்பத்தாறு நிறத்துக்குள் அடைத்து
நெற்றியைப் படிக்கட்டாக்கித் தந்தது.

இன்று காலை கையில் வந்தது
கலங்கரை விளக்கக் காவலர் வீட்டின் வரைபடம், 1931.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த ராய்வோ
இதை ஏற்கெனவே ஸ்கேன் செய்திருக்கிறார்.
கறுப்பா, வெள்ளையா என்று
ஒவ்வொரு புள்ளியையும் நிறுத்திக் கேட்கிற முறையில்.
தயங்கியதெல்லாம் வெள்ளை.
துடைத்துவைத்தது போல ஒரு வீடு:
நான்கு சுவர், கடலைப் பார்த்து இரண்டு ஜன்னல்.
தொண்ணூறு கிலோபைட்.

நான் சாம்பல் நிறத்தில் எடுத்தேன்.
பெரிய காரணமில்லை, விரல் அதைத் தொட்டது.
தரைப்பக்கச் சுவரில்
கண்ணாடியில் பட்ட மூச்சளவு ஏதோ.
பெரிதாக்கினேன்.
ஜன்னல்.
பென்சிலால் வரைந்து ரப்பரால் அழித்தது.
அழித்தவர் அவசரக்காரர்,
அல்லது மனமில்லாதவர்.

அதே வீட்டின் புகைப்படமும் உண்டு.
ராய்வோவின் ஜேபெக்கில்
தரைப்பக்கச் சுவர் கட்டம் கட்டமாக உடைந்து கிடக்கிறது.
நடுவில் நாலைந்து கட்டங்கள் கறுத்து,
குறிப்பில் ஒரே சொல்: “கறை.”

உறையைத் தேடி எடுத்தேன்.
அசல் என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது.
கண்ணாடியில் கவிழ்த்து டிஃப் என்று தேர்ந்தெடுத்தேன்.
ஸ்கேனர் முனகிக்கொண்டே நகர்ந்தது,
குளிரில் கிளம்பாத டிராக்டர் போல.
எண்பத்து நாலு மெகாபைட்.

கறையில்லை.
மற்ற இரண்டோடும் ஒட்டாத ஒரு சட்டம்,
இடப்பக்கம் தாழ்ந்து.
யாரோ ரம்பத்தோடு நின்று அறுத்திருக்கிறார்கள்.
அரைத் திரை. விளிம்பில் ஒரு ஜாடி,
ஜாடியில் குச்சி குச்சியாய் எதுவோ.
கடல்தான் பிழைப்பு என்ற வீட்டில்
யாருக்கோ சாலையைப் பார்க்க வேண்டியிருந்திருக்கிறது.

உறையின் மேல் பெயரில்லை.
நானும் வைக்கவில்லை.

ஊர்வே கோப்பையோடு இறங்கி வந்தார்.
திரையைப் பார்த்தார், என்னை, மறுபடி திரையை.
“எண்பத்து நாலா?”
“எண்பத்து நாலு.”
“இன்னும் எத்தனை?”
“முந்நூற்றுப் பத்து.”
உதடு அசைய ஏதோ பெருக்கிப் பார்த்தார்.
வட்டுக்குக் காசு மார்ச்சில்தான் வரும், இருவருக்கும் தெரியும்.
பிறகு சீட்டை எடுத்து
‘வெள்ளிக்கிழமை’யைப் பென்சிலால் அடித்தார்.
பதிலுக்கு எந்தக் கிழமையும் எழுதவில்லை.
கோப்பையை இங்கேயே மறந்துவிட்டுப் போனார்.

சீட்டையும் கண்ணாடியில் கவிழ்த்தேன்.
வண்ணத்தில்.
கறை இருக்கட்டும்.